எஸ்தரின் நீல மீனும் என் வரியனும்

எஸ்தர் போய்விட்டாள் என்று அவள் தம்பி தனராஜ் போனில் சொன்னபோது நான் வாளியில் உப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். "பேச்சியக்கா, எங்கக்கா போயிட்டாவ" என்றான். அவன் அழவில்லை. நானும் அழவில்லை. "செத்த நேரம் இரு தம்பி" என்று போனைக் கீழே வைத்துவிட்டு, உப்பு அளவு பார்க்கும் கருவியைத் தண்ணீரில் விட்டு, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் திரும்ப எடுத்தேன். என்ன மனுஷி இவள் என்று நீங்கள் நினைக்கலாம். கலக்கலைப் பாதியில் விட்டது தெரிந்தால் எஸ்தர் ஏசுவாள் என்ற பயம் அந்த நிமிடத்திலும் எனக்குப் போகவில்லை.

நம் உப்புத்தண்ணீர்க் குழுவில் மிச்சமிருக்கும் எட்டுப் பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு கடல் மீனுக்காக அலைகிற பைத்தியங்கள் என்று இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அவரவர் வீட்டில் பேச்சு வாங்குகிற ஆட்கள் நாம். அடக்கத்தன்று கல்லறை வாசலில் நின்று நீங்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "அந்த நீல மீன் என்னாச்சு?" அன்றைக்குப் பதில் சொல்ல எனக்கு மனசில்லை. உண்மையைச் சொன்னால், உங்கள் மேல் கோபமும் இருந்தது. இப்போது சொல்கிறேன். எஸ்தரை 'அவள்' என்றே எழுதுவேன். பத்து வருஷம் ஏட்டி போட்டுப் பேசியவளை இன்றைக்கு 'அம்மையார்' ஆக்க என்னால் முடியாது.

என் மருந்துக் கடை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அவள் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தாள். எனக்கு வந்த ஒரு பெட்டி பேண்டேஜ் ரோலில் அகலம் குறைகிறது என்று போனில் நான் கத்தினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். மறுநாள் நெட்டையாக ஒரு பெண் பஸ் ஏறி வந்து, கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து, ஒன்றும் பேசாமல் பத்து ரோலை அளந்தாள். "நீங்க சொன்னது சரி. நாலு கொறயுது" என்றாள். அதோடு போயிருக்க வேண்டியதுதானே? கடை மூலையில் இருந்த என் மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு, "இந்த ஊதாக் குட்டிய எடுத்துருங்க. இல்லன்னா மத்ததையெல்லாம் கொன்னுரும்" என்றாள். என் கடையில் நின்று எனக்குச் சொல்ல வந்துவிட்டாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஊதாக் குட்டி கட்டைவிரல் நீளம்கூட இல்லை. பத்தே நாளில் அதைவிடப் பெரிய இரண்டு மீன்கள் செத்து மிதந்தன. நான் போன் போட்டேன். "எடுத்துட்டேன்" என்றேன். "எதை? ஊதாவையா, செத்ததையா?" என்று கேட்டாள். அப்படித்தான் எங்கள் சிநேகிதம் ஆரம்பித்தது.

கடல்மீன் தொட்டி வைப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் தனராஜும் அவன் வீட்டாரும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். கடலில் அடி வாங்கிய மீன் ஓடிப்போக இடமுண்டு. ஆறடித் தொட்டியில் கிடையாது. முதலில் வந்தது பாறையைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் வருவதை அது விடாது. ஒரே உடல்வாகு, ஒரே தீனி உள்ள இரண்டு மீன் என்றால் கேட்கவே வேண்டாம். "மீன எண்ணி வாங்காத, சண்டைய எண்ணி வாங்கு" என்பாள் எஸ்தர். "வயிறு நெறஞ்சா பாதி வம்பு கொறயும், மீதிப் பாதி பொறந்த குணம்" என்பாள். குழுவில் புதிதாகச் சேர்ந்த எல்லோரிடமும் இதைச் சொல்லி அலுக்க வைத்திருக்கிறாள்.

அப்படிச் சொன்னவள்தான் அந்தத் தப்பைச் செய்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடியிலிருந்து ஒரு நீல மீனைக் கொண்டுவந்து, காலியாக இருந்த தன் தொட்டியில் முதல் ஆளாக விட்டாள். வான நீல உடம்பு, கறுத்த முகம், முதுகில் மஞ்சள் துடுப்பு. வாலுக்குப் பக்கத்தில் இருபுறமும் மடக்குக் கத்தி மாதிரி ஒரு முள். அதை விரித்துக்கொண்டு அது திரும்பினால் எதிரில் இருப்பதன் தோல் கிழியும். "இந்த இனத்த கடைசியாத்தான்ட்டி விடணும்" என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "அழகா இருக்கு பேச்சி, ஆசைப்பட்டுட்டேன்" என்றாள். அதன்பின் அந்தத் தொட்டியில் அவள் விட்ட எதுவும் நிலைக்கவில்லை. ஒவ்வொன்றையும் அது அடித்தது. அடிக்க ஆரம்பித்ததுமே எஸ்தர் வலையைப் போட்டுப் புதியதை எடுத்துவிடுவாள். கடைசி நாலு வருஷம் அது தனியாகத்தான் இருந்தது.

போன வருஷம் அவளுக்கு வயிற்று வலி வந்ததும், அது என்ன வலி என்று தெரிந்ததும், மதுரைக்கும் இராஜபாளையத்துக்குமாக அவள் அலைந்ததும் உங்களுக்குத் தெரியும். மீன்களைப் பார்க்க முடியாது என்று ஆனபோது அவள் குழுவில் ஒரே ஒரு வரி போட்டாள். "நீலத்தை யாராவது எடுத்துக்கிடுங்க. தனியா மட்டும் வைக்காதீங்க." உங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கை கூப்பும் படம் போட்டீர்கள், ஜெபிக்கிறோம் என்று போட்டீர்கள். மீனைக் கேட்கவில்லை. நானும்தான் இரண்டு நாள் சும்மா இருந்தேன். என் தொட்டியில் வரியன் இருந்தான். மஞ்சள் உடம்பில் நீலக் கோடு போட்ட அதே கத்திவால் சாதி, நீலத்தைவிட ஒரு விரற்கடை நீளம், ஆறு வருஷமாக அந்தத் தொட்டிக்கு அவன்தான் ராஜா. இரண்டையும் ஒன்றாக விடுவது கொலைக்குச் சமம் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் வாளியை எடுத்துக்கொண்டு இராஜபாளையம் பஸ் ஏறினேன்.

"நெசமாவா பேச்சி?" என்று கேட்டாள். ஆள் பாதியாக இருந்தாள். "சாகப்போகுதுன்னா என் வீட்டுலயே சாகட்டும்" என்றேன். என் வாயில் எப்போதும் இப்படித்தான் வரும். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எஸ்தர் சிரித்தாள். "நடுவுல துணி கட்டு. ரெண்டும் பாத்துக்கிட்டு இருக்கட்டும். ரெண்டு வாரம் போகட்டும்" என்றாள். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டாரை வாளியில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் திரும்பினேன். பக்கத்தில் இருந்த அம்மா எட்டிப் பார்த்து, "கொழம்புக்கா?" என்று கேட்டார். நான் முந்தானையால் வாளியை மூடிக்கொண்டேன்.

பிளாஸ்டிக் குழாயில் சட்டம் செய்து, அதில் பேண்டேஜ் துணியை இழுத்துத் தைத்து, தொட்டியைக் குறுக்கே மறித்தேன். நம் ஊர்ப்பக்கம் எல்லோரும் செய்கிற வேலைதான். தண்ணீர் போகும், மீன் போகாது, ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். துணிக்கு நான் எங்கே போக? எப்போதோ எஸ்தர் கொடுத்த ஒரு கட்டு பரணில் கிடந்தது. அதை எடுத்துத் தைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் தொட்டி முழுக்க அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. நீலமும் வரியனும் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. எஸ்தருக்குப் போன் போட்டேன்.

"வெளுத்த துணியா, கோராத் துணியா?"

"பழுப்பா இருந்துச்சு."

"அடிப் பாவி. அது தறியிலருந்து எறக்குன கோராட்டி. நூலு பூராக் கஞ்சி. கொதிக்க வச்சு அலசினியா?"

"யாரு சொன்னா எனக்கு?"

"இந்த ஊர்ல சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். துணிய எடு. பாதித் தண்ணிய மாத்து. இருக்குற மோட்டாரையெல்லாம் போடு. போனை வைக்காத."

மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தவள் கட்டிலில் படுத்துக்கொண்டு சொல்லச் சொல்ல நான் செய்தேன். துணியை எடுத்த இடத்தில் கண்ணாடிப் பலகை ஒன்றைச் செருகிக்கொண்டு, கலக்கி வைத்திருந்த தண்ணீரையெல்லாம் மாற்றினேன். கடையை அன்றைக்குத் திறக்கவே இல்லை. சாயங்காலம்தான் இரண்டும் கீழே இறங்கின. மருந்து விற்கிறவள், தினமும் பேண்டேஜ் துணியைக் கையால் தொடுகிறவள், கஞ்சி போட்ட துணியைத் தொட்டிக்குள் இறக்கியிருக்கிறேன். வெளுத்த துணியைத் தனராஜ் கொண்டுவந்து கொடுத்தான். கொதிக்க வைத்து, நாலு தடவை அலசித் தைத்துக் கட்டினேன்.

அன்றிலிருந்து தினமும் பத்து மணிக்கு அவள் போன் வரும். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. "அடிச்சுதா?" என்பாள். "துணியில முட்டுதான்" என்பேன். வரியன் துணி ஓரமாகவே நீந்திக்கொண்டிருப்பான். நீலம் அந்தப் பக்கம் நின்று உடம்பைச் சாய்த்துக் கத்தியைக் காட்டும். இரண்டும் சரியாகத் தின்னவில்லை. ஒரு நாள் வரியன் மோதிய மோதலில் தையல் இரண்டு பிரிந்துவிட்டது. ஈரக் கையோடு உட்கார்ந்து தைத்தேன். இரண்டு வாரம் முடிந்தது. துணியை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. எஸ்தர் உயிரோடு இருக்கும்போது அவள் மீன் என் கையில் சாகக் கூடாது. எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

அந்த வாரம்தான் தனராஜ் கடைக்கு வந்து மருந்துச் சீட்டை நீட்டினான். பத்து மாதமாக அவள் சீட்டை நான்தான் பார்க்கிறேன். எது எதற்கு என்று எனக்கு மனப்பாடம். அன்றைய சீட்டில் பழைய மருந்து ஒன்றுகூட இல்லை. வலிக்கும் வாந்திக்கும் தூக்கத்துக்கும் மட்டும் எழுதியிருந்தது. "மாத்திரை கொறஞ்சிருக்குல்லக்கா, நல்லதுதான?" என்று அவன் கேட்டான். நான் தலையை ஆட்டினேன். உள்ளே போய் மாத்திரை எடுக்கிற சாக்கில் நின்றுவிட்டு வந்தேன்.

அன்றைக்குப் பத்து மணிக்குப் போன் வந்தது. "பேச்சி, மாத்திரையெல்லாம் கொறச்சிட்டாங்களே, தேறிட்டேனா?" என்று கேட்டாள். "ஆமா, தேறிட்ட" என்றேன். "அடிச்சுதா?" என்றாள். "இல்ல. துணிய எடுத்துட்டேன். ரெண்டும் சேந்துட்டு" என்றேன். ஒரே மூச்சில் இரண்டு பொய். எனக்குப் பொய் சரளமாக வராது என்பது உங்களுக்கே தெரியும். அன்றைக்கு வந்தது.

வீடியோ அனுப்பு என்றாள். துணி தெரியாதபடி பக்கவாட்டில் நின்று, இரண்டும் அருகருகே நீந்துவது போல எடுத்து அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"துணி எங்கட்டி கட்டிருக்க?"

"எடுத்துட்டேன்னு சொன்னேன்ல?"

"பெருசாக்கிப் பாத்தேன். ரெண்டு வால்லயும் ஒரு கிழிசல் இல்ல. சண்ட போடாம சேந்த கத்திவாலு எந்தக் கடல்ல இருக்கு? ஞாயித்துக்கெழம வாரேன். எம் முன்னால எடு."

வேண்டாம் என்று சண்டை போட்டேன். பதினோரு கிலோமீட்டர், காரில் அந்த உடம்போடு வரக் கூடாது என்றேன். "நான் வரலன்னா நீ எடுக்கமாட்ட" என்றாள். அவள் சொன்னது சரி.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து தனராஜ் அவளைக் கூட்டிவந்தான். சாய்வு நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டேன். அவள் சொல்லச் சொல்லப் பாறைகளையெல்லாம் இடம் மாற்றி அடுக்கினேன். பழைய இடம் பழையபடி இருந்தால் வரியன் அதற்காகவே கொல்லுவான். புதுசாக இருந்தால் அவனும் ஊர் தெரியாதவன். காய்ந்த கடல்பாசியை இரண்டு மூலையிலும் மாட்டினேன். வலையைக் கையில் எடுத்துக்கொண்டு, சட்டத்தைத் தூக்கினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் இரண்டும் பக்கத்தில் பக்கம் நின்று, தலைக்கு வால், வாலுக்குத் தலையாக வட்டமடிக்க ஆரம்பித்தன. முதல் அடியை நீலம்தான் அடித்தது. செதில் பறந்தது. வரியன் திருப்பி அடித்தான். தண்ணீர் வெளியே தெறித்துத் தரை நனைந்தது. நீலத்தின் முதுகுத் துடுப்பு கிழிந்து தொங்குவதைப் பார்த்ததும் நான் வலையை இறக்கப் போனேன். என் மணிக்கட்டை எஸ்தர் பிடித்துக்கொண்டாள். மாத்திரை பிரிக்கக்கூடத் தெம்பில்லாத கை அது. எனக்கு வலித்தது.

"வலையக் கீழ வை."

"செத்துரும்ட்டி."

"ஒம்பது வருசமா நான் இதைத்தான் செஞ்சேன். அடிக்கத் தொடங்கின ஒடனே வலைய விட்டேன். அது ஒரு சண்டையாவது முழுசாப் பாத்துருக்கா? பொறு."

தனராஜ் வாசலுக்குப் போய்விட்டான். மூன்றாவது தடவை மோதியபோது வரியன் நீலத்தைப் பாறையோடு வைத்து அழுத்தினான். செத்தது என்றே நினைத்தேன். அவன் விலகியதும் நீலம் பாறை ஓரமாக இறங்கியது. அதன் நிறம் மங்கி, சாம்பல் பூசியது போல ஆனது. முதுகுத் துடுப்பையும் வயிற்றுத் துடுப்பையும் மடக்கிக்கொண்டு, உடம்பைச் சாய்த்து அசையாமல் நின்றது. வரியன் இன்னொரு சுற்று வந்தான். கத்தியை விரித்தான். அடிக்கவில்லை. அப்படியே திரும்பிப்போய்ப் பாசியைக் கொத்த ஆரம்பித்தான்.

எஸ்தர் என் கையை விட்டாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. "அதுக்குத் தோக்கத் தெரியுது பேச்சி" என்றாள். "நான்தான் தெரியாதுன்னு நெனச்சிட்டு இருந்துருக்கேன். இனி பொழச்சுக்கிடும்."

தனராஜ் உள்ளே வரவில்லை. நாங்கள் இருவரும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"மீன் விசயத்துல பொய் சொன்ன. அன்னைக்கு அதே மூச்சுல இன்னொண்ணும் சொன்ன."

நான் வலையை எடுத்து ஆணியில் மாட்டினேன்.

"துணிக்கு இந்தப் பக்கம் நின்னு முட்டிக்கிட்டே இருக்கதுதான்ட்டி கொல்லுது. எனக்கு முன்னாலயும் ஒண்ணு கட்டி வச்சிருக்க. எடு. அந்தச் சீட்டுல என்ன எழுதியிருக்கு?"

"வலிக்கு மட்டுந்தான் எழுதியிருக்கு" என்றேன்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல எஸ்தர்."

அவள் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது, "தம்பிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ சொல்லாத" என்றாள். அப்புறம் காப்பி கேட்டாள். பாதி குடித்தாள். காரில் ஏறும்போது என் கன்னத்தில் ஒரு தட்டு தட்டினாள். அதற்குப் பிறகு பதினெட்டு நாள் இருந்தாள். அந்தப் பதினெட்டு நாளில் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினாள். தனராஜோடு உட்கார்ந்து வேண்டியதைச் சொன்னாள். தன் அடக்கத்துக்கு எந்தப் பாட்டு வேண்டாம் என்பதைக்கூடச் சொல்லிவிட்டாள். என்னிடமும் தினமும் பேசினாள். மீனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். நீலம் இருக்கிறது. தின்கிறது. வரியன் வந்தால் ஒதுங்கிப்போகிறது. வந்து பார்க்க வேண்டுமானால் வாருங்கள், ஏச மாட்டேன்.

அவளுடையதாக என்னிடம் இருப்பது என்ன என்று கேட்டால், மீனைச் சொல்ல மாட்டேன். முந்தாநாள் கூமாப்பட்டியிலிருந்து ஒருவர் தன் மனைவியின் சீட்டோடு வந்தார். மாத்திரையை வாங்கிக்கொண்டு, "இதுல சரியாயிருமாம்மா?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான். ஆயிரும், கடவுள் இருக்காரு, போயிட்டு வாங்க. அன்றைக்கு அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். "இது வலி தெரியாம இருக்கதுக்கு மட்டுந்தான். நோய்க்கு இல்ல. டாக்டர்கிட்ட நேரா உக்காந்து கேளுங்க, அவிய சொல்லுவாக. அம்மாவும் கூட இருக்கட்டும்" என்றேன். அவர் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நீ போன அன்றைக்கு வராத அழுகையையும் சேர்த்து அழுதேன் எஸ்தர்.